30 கி.மீ வேகத்தில் ஒரு மலைப்பயணம்... செங்கோட்டை ரயிலின் எஞ்சினில் இருக்கும் அந்த இருவரைத் தெரியுமா?

குற்றால சீசன் தொடங்கிவிட்டால் தென்காசிப் பக்கம் வரும் எல்லா வண்டிகளிலும் கூட்டம் அள்ளும். மெயின் அருவியில் ஒரு குளியல், ஐந்தருவியில் ஒரு குளியல், பிரானூர் பார்டரில் பரோட்டாவும் பெப்பர் சிக்கனும். பெரும்பாலானோரின் டூர் பிளான் இத்துடன் முடிந்துவிடும். சில ஆண்டுகளாக இன்னொன்றும் இதில் சேர்ந்திருக்கிறது. செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை மலையைக் கடக்கும் ரயில் பயணம்.

செல்போனில் ரீல்ஸ் பார்ப்பவர்களுக்கு இந்தப் பாதையை அறிமுகப்படுத்தவே தேவையில்லை. குகைக்குள் நுழையும் ரயில், பதிமூன்று கண் பாலம், ஜன்னலைத் தொடும் மழைமேகம் என்று லைக்குகளைக் குவிக்கும் காட்சிகள். அவற்றில் எதிலும் வராத இரண்டு பேர் இருக்கிறார்கள். எஞ்சினில் உட்கார்ந்திருக்கும் லோகோ பைலட்டும், அசிஸ்டென்ட் லோகோ பைலட்டும். ஊரைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே அவர்களின் வேலையையும் சம்பளத்தையும் தூக்கத்தையும் பற்றிப் பேசுவோம், வாருங்கள்.

சங்கு முத்திரை போட்ட ஊர்

செங்கோட்டைக்குள் நுழையும்போது பழைய அலங்கார வாசல் ஒன்று வரவேற்கும். அதில் திருவிதாங்கூர் அரசின் சங்கு முத்திரை இருக்கும். 1956 நவம்பர் 1-ம் தேதி மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்படும்வரை இந்த ஊர் திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது. அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆனாலும் ஊரின் பேச்சிலும் சந்தையிலும் மலைக்கு அந்தப்பக்கத்து வாசனை இன்றும் உண்டு. 1911-ல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் பிறந்ததும் இந்த ஊரில்தான்.

இரண்டு பக்கத்தையும் இணைத்தது ஆரியங்காவு கணவாய். அந்தக் கணவாய் வழியாகத்தான் 1904-ல் கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்கு மீட்டர்கேஜ் ரயில் வந்தது. நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடிய அந்தப் பாதை, அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010-ல் மூடப்பட்டது. மலையில் வேலை அவ்வளவு சீக்கிரம் முடியவில்லை. 2018-ல்தான் ரயில் திரும்பி வந்தது. எட்டு வருடக் காத்திருப்பு என்பதால், ஊர்க்காரர்களுக்கு இந்த ரயில்மீது தனிப் பாசம்.

மலையைப் பார்க்கப் பகல் வண்டி

மலையைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க ஆசையென்றால் மதுரை–குருவாயூர் எக்ஸ்பிரஸ் நல்ல தேர்வு. செங்கோட்டையைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல், தென்னை. எதிரே மலைச்சுவர். பகவதிபுரம் வந்ததும் வண்டியின் நடை மாறுவதை உடம்பே உணரும். வளைவுகள் கூடும், வேகம் குறையும். பிறகு குகை. கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளம். குழந்தைகள் கத்துவார்கள், பெரியவர்களும் சேர்ந்துகொள்வார்கள். குகையைவிட்டு வெளியே வந்தால் கேரளா.

அடுத்து ஆரியங்காவு, இடப்பாளையம், கழுதுருட்டி, தென்மலை. கழுதுருட்டிக்கு அருகில்தான் அந்தப் பதிமூன்று கண் பாலம். கீழே கொல்லம் தேசிய நெடுஞ்சாலையில் போகிறவர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ரயிலைப் படமெடுப்பார்கள். ரயிலில் இருப்பவர்கள் அவர்களைப் படமெடுப்பார்கள்.

செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே சுமார் 49 கிலோமீட்டர்தான். மலைப்பகுதியில் ரயிலுக்கு அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் அளவில் இருப்பதால் பயணம் நீளும். சுற்றுலா வந்தவர்களுக்கு அந்த மெதுவான வேகம்தான் சுகம். நின்று நிதானமாக ரசிக்கலாம். எஞ்சினில் இருப்பவர்களுக்கோ அந்த 30 கிலோமீட்டர் வேகத்தை மீறாமல் வண்டியைப் பிடித்து வைத்திருப்பதே வேலை.

இறக்கத்தில் என்ன நடக்கிறது?

ஏற்றத்தில் ஒரு எஞ்சின் இழுக்கும். பின்னாலிருந்து இன்னொரு எஞ்சின் தள்ளிவிடும் வழக்கமும் இந்தப் பாதையில் உண்டு. சிரமம் இறக்கத்தில்தான். பல நூறு டன் எடையுள்ள வண்டி தன் எடையாலேயே கீழே ஓடப் பார்க்கும். பிரேக்கை அதிகம் பிடித்தால் வண்டி நின்றுவிடும், குறைவாகப் பிடித்தால் வேகம் ஏறிவிடும். எங்கே எவ்வளவு பிடிக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்பது கைக்குப் பழகியிருக்க வேண்டும். அதனால்தான் புதிய பாதை எதிலும் ஒரு லோகோ பைலட்டை நேரடியாக வண்டி ஓட்ட அனுப்புவதில்லை. அனுபவசாலிகளோடு பலமுறை பயணம் செய்து பாதையைப் பழகிய பிறகே பொறுப்பு தரப்படும்.

அசிஸ்டென்ட்டுக்கும் ஓய்வில்லை. சிக்னல் தெரிந்ததும் அதன் நிறத்தை ஒருவர் உரக்கச் சொல்ல, மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். இருவர் கண்ணும் ஒரே சிக்னலைச் சரியாகப் பார்த்தது என்பதற்கு அதுதான் உறுதி. எஞ்சினில் ஒரு விழிப்புக் கருவியும் உண்டு. ஒரு நிமிடத்துக்கு எந்த இயக்கமும் இல்லையென்றால் அது எச்சரிக்கும். அதற்கும் பதில் இல்லையென்றால் தானாகவே பிரேக் விழும். ஓட்டுநர் கண்ணயர்ந்துவிடக்கூடும் என்பதை எஞ்சினை வடிவமைத்தவர்களே எதிர்பார்த்திருக்கிறார்கள்.

இரவில் இது இன்னும் கடினம். தூத்துக்குடிக்கும் பாலக்காட்டுக்கும் இடையே ஓடும் பாலருவி எக்ஸ்பிரஸ், நாம் நன்றாகத் தூங்கும் நேரத்தில் இந்த மலையைக் கடக்கிறது. வளைவில் தண்டவாளம் ஒரு பக்கம் திரும்பும், ஹெட்லைட் வெளிச்சமோ நேராகப் போய் மரங்கள்மீது விழும். அடுத்த ஐம்பது மீட்டரில் பாறை கிடக்கிறதா, மரம் சாய்ந்திருக்கிறதா என்பது திரும்பிய பிறகே தெரியும்.

புளியரையின் டார்ச் வெளிச்சம்

2024 பிப்ரவரி 25-ம் தேதியின் அந்த நள்ளிரவைத் தென்காசி மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். கேரளாவிலிருந்து பிளைவுட் ஏற்றிவந்த லாரி ஒன்று, புளியரை 'எஸ்' வளைவில் கட்டுப்பாட்டை இழந்து, கீழே இருந்த தண்டவாளத்தில் விழுந்தது. பக்கத்தில் குடியிருந்த வயதான தம்பதிக்குச் சத்தம் கேட்டது. ரயில் வரும் ஓசையும் கேட்கவே, டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு தண்டவாளத்தில் ஓடி, வெளிச்சத்தை ஆட்டிக் காட்டினார்கள். ரயில் நின்றது. முதலமைச்சர் ஸ்டாலின் அவர்களை நேரில் அழைத்துப் பாராட்டி 5 லட்சம் ரூபாய் கொடுத்தார்.

அந்தத் தம்பதியை எவ்வளவு பாராட்டினாலும் தகும். அந்த டார்ச் வெளிச்சத்துக்கு எதிர்முனையில் எஞ்சினில் இருந்தவர்களின் கண்கள் விழித்திருந்தன என்பதையும் சேர்த்தே நினைத்துப் பார்க்க வேண்டும். நள்ளிரவில், மலையடிவாரத்தில், எங்கோ ஆடுகிற சின்ன வெளிச்சத்தைப் பார்த்து, அது ஆபத்துக்கான அறிகுறி என்று புரிந்துகொண்டு, நேரத்தில் பிரேக் போட வேண்டும். தூக்கம் சொக்குகிற கண்ணுக்கு அது சாத்தியமா?

சம்பளம் எவ்வளவு?

'ரயில்வே வேலை' என்றால் நம் வீடுகளில் இன்றும் பெரிய மரியாதை. ஐ.டி.ஐ, டிப்ளமோ, இன்ஜினீயரிங் முடித்த இளைஞர்களுக்கு ஏ.எல்.பி எனப்படும் அசிஸ்டென்ட் லோகோ பைலட் தேர்வு ஒரு பெருங்கனவு. 2024-ல் ரயில்வே முதலில் 5,696 இடங்களை அறிவித்து, பிறகு அதை 18,799 ஆக உயர்த்தியது. 2025-ல் மேலும் 9,970 இடங்கள்.

இரண்டு கட்டக் கணினித் தேர்வு, அதற்குமேல் மனத்திறன் சோதனை, பிறகு மருத்துவப் பரிசோதனை. கடைசியில்தான் பலர் கழன்றுவிடுவார்கள். கண்ணாடி இல்லாமல் 6/6 பார்வை வேண்டும். நிறக்குறைபாடு கூடாது. லேசர் சிகிச்சை செய்து கண்ணாடியைக் கழற்றியவர்களுக்கும் அனுமதி இல்லை.

இவ்வளவையும் தாண்டி வருபவருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,900 ரூபாய். ஏழாவது ஊதியக் குழுவின் இரண்டாம் நிலை. ரயில் ஓட்டும் பணியாளர்களுக்கு ஒரு சலுகை உண்டு. அடிப்படையோடு 30 சதவீதத்தைச் சேர்த்து, அந்தத் தொகைக்குத்தான் அகவிலைப்படி கணக்கிடப்படும். அதாவது 25,870 ரூபாய்க்கு. 2025 ஜூலைக் கணக்கில் அகவிலைப்படி 58 சதவீதமாக இருந்ததால், அப்போது அது மட்டும் ஏறக்குறைய 15,000 ரூபாய். அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்தாலே 35,000 ரூபாயை நெருங்கும். அதற்குமேல் வீட்டு வாடகைப்படி, ஓடிய தூரத்துக்கு ஏற்ற கிலோமீட்டர் படி. பதவி உயர்ந்து சரக்கு ரயில் லோகோ பைலட் ஆனால் அடிப்படையே 35,400-ல் தொடங்கும்.

இருபது சொச்சம் வயதில், கடன் வாங்காமல் படித்து, இந்தச் சம்பளம் என்றால் குறைசொல்ல முடியாதுதான். சம்பளத்தில் குறையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2024 ஜனவரியில் அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டபோது மத்திய அரசு ஊழியர்களின் பல படிகள் 25 சதவீதம் உயர்ந்தன. அதே உயர்வைக் கிலோமீட்டர் படிக்கும் கேட்டுப் போராடுகிறார்கள் லோகோ பைலட்கள். ஆனால், அவர்களின் கோரிக்கைப் பட்டியலில் அடிக்கடி முன்னுக்கு வருவது பணம் கிடையாது, நேரம்.

முப்பது மணி நேரத்தின் கணக்கு

விதி என்ன சொல்கிறது? எட்டு மணி நேரத்துக்குமேல் வேலை பார்த்துவிட்டுச் சொந்த ஊர் திரும்பினால் 16 மணி நேர ஓய்வு. வெளியூரில் வண்டியை ஒப்படைத்தால் அங்குள்ள ரன்னிங் ரூமில் 8 மணி நேர ஓய்வு. இது தவிர, வார ஓய்வுக்குப் பதிலாக, மாதத்தில் தலா 30 மணி நேரம் கொண்ட நான்கு ஓய்வுகள் அல்லது தலா 22 மணி நேரம் கொண்ட ஐந்து ஓய்வுகள்.

இங்கேதான் சிக்கல். அந்த 30 மணி நேரத்துக்குள்ளேயே 16 மணி நேரத்தையும் அடக்கிவிடுகிறார்கள் என்பது ஊழியர்களின் புகார். 'பதினாறு என்பது அன்றாட ஓய்வு, முப்பது என்பது வார ஓய்வு, இரண்டையும் கூட்டி 46 மணி நேரம் கொடுங்கள்' என்பது அவர்களின் கோரிக்கை.

நம் வீட்டுக் கணக்கில் போட்டுப் பார்ப்போம். ஆபீஸ் வேலையில் இருக்கும் ஒருவர் சனிக்கிழமை மாலை 6 மணிக்கு வீட்டுக்கு வருகிறார். திங்கள் காலை 10 மணிக்குத் திரும்பிப் போகிறார். இடையில் 40 மணி நேரம். அதே சனிக்கிழமை மாலை 6 மணிக்கு ஒரு லோகோ பைலட் வீட்டுக்கு வந்தால், 30 மணி நேரம் முடியும்போது ஞாயிறு நள்ளிரவு 12 மணி. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் கலந்துகொண்டுவிட்டு வந்து படுத்தால், பாதித் தூக்கத்தில் எழுந்து ரயில் ஓட்டப் போக வேண்டும். நாம் ஏறி உட்கார்ந்திருக்கும் ரயிலை.

2024 ஜூன் 1 முதல் தெற்கு ரயில்வேயின் லோகோ பைலட்கள் பலர், இந்த 46 மணி நேர ஓய்வைத் தாங்களாகவே எடுக்கத் தொடங்கினார்கள். வேலைநிறுத்தம் என்று அறிவிக்கவில்லை. ஓய்வு முடிந்த பிறகே பணிக்கு வந்தார்கள். தொடர்ந்து இரண்டு இரவுகளுக்குமேல் வேலை கூடாது, 48 மணி நேரத்துக்குள் சொந்த ஊருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும், பணி நேரம் 10 மணியைத் தாண்டக் கூடாது என்பவையும் கோரிக்கைகள். இவற்றில் கடைசியாகச் சொன்னதற்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. 10 மணி நேர வேலைக்கு 1973 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றத்திலேயே உறுதி கொடுத்தார் அன்றைய ரயில்வே அமைச்சர் எல்.என்.மிஸ்ரா.

இன்னொரு விஷயம், பேசக் கூச்சப்படும் விஷயம்: கழிப்பறை. பெரும்பாலான எஞ்சின்களில் அது இல்லை. ஆண்கள் எப்படியோ சமாளித்தாலும், இந்த வேலைக்கு இப்போது பெண்களும் ஏராளமாக வருகிறார்கள். சாப்பிடவும் கழிப்பறைக்குச் செல்லவும் பணிக்கு நடுவே முறையான இடைவேளை கேட்டார்கள். நடைமுறைக்குச் சாத்தியமில்லை என்று 2025 ஏப்ரலில் ரயில்வே வாரியம் சொல்லிவிட்டது.

ரயில்வே தரப்பிலும் சொல்லச் சில விஷயங்கள் உண்டு. நாடு முழுவதுமுள்ள ரன்னிங் ரூம்கள் ஏ.சி செய்யப்பட்டுள்ளன. எஞ்சின் கேபின்களுக்கும் படிப்படியாக ஏ.சி வருகிறது. ஆள்சேர்ப்பும் முன்பைவிட அதிகம். ஆட்கள் வந்தால் ஓய்வும் வரும் என்பது எதிர்பார்ப்பு. தேர்வு, மருத்துவம், பயிற்சி, பாதை பழகுதல் எல்லாம் முடிந்து ஒரு புதியவர் எஞ்சினில் உட்கார நீண்ட காலம் பிடிக்கிறது. அதுவரை இருக்கும் ஆட்களே இழுத்துப் பிடித்தாக வேண்டும்.

வானத்து பைலட், தண்டவாளத்து பைலட்

தென்காசிக்காரர்கள் விமானம் ஏற வேண்டுமென்றால் தூத்துக்குடியோ, மதுரையோ, திருவனந்தபுரமோ போக வேண்டும். தூத்துக்குடி விமான நிலையத்தின் புதிய முனையம் 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து அங்கே வரும் சிறிய ஏ.டி.ஆர் விமானங்களிலும் முன்னால் இரண்டு பேர்தான். ஒருவர் கேப்டன், மற்றவர் பெரும்பாலும் இளம் வயது ஃபர்ஸ்ட் ஆபீஸர்.

அவர்களின் கதை வேறு மாதிரி. வணிக விமானி உரிமத்துக்குக் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்குப் பல லட்சங்கள் செலவாகும். வீட்டை அடமானம் வைத்துப் படித்துவிட்டு, வேலைக்குக் காத்திருப்பவர்களும் உண்டு. ஏ.எல்.பி இளைஞருக்கு அந்தக் கடன் சுமை இல்லை. ஆனால், களைப்பு விஷயத்தில் இருவரும் ஒரே படகில்தான் போகிறார்கள்.

விமானிகளின் களைப்பைக் குறைக்க சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் புதிய விதிகள் கொண்டுவந்தது. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமானது. இரவுத் தரையிறக்கங்களுக்கும் கடும் வரம்பு வந்தது. இரண்டாம் கட்டம் 2025 நவம்பரில் அமலுக்கு வந்த பிறகு என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். தேவையான விமானிகளைத் தயார் செய்துவைக்காத இண்டிகோ, டிசம்பர் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. விமான நிலையங்களில் மக்கள் தரையில் படுத்துக் கிடந்தார்கள். 'விமானிக்கு எவ்வளவு ஓய்வு' என்பது தேசம் முழுக்கப் பேசுபொருளானது.

அதே டிசம்பர் முதல் வாரத்தில் லோகோ பைலட்கள் நாடு முழுவதும் 48 மணி நேர உண்ணாவிரதம் இருந்தார்கள். பட்டினியோடு ரயிலையும் ஓட்டினார்கள். ரயில்கள் வழக்கம்போல ஓடியதால், அது பெரிதாக யார் கண்ணிலும் படவில்லை.

விமானிக்கு 48 மணி நேர வார ஓய்வு பாதுகாப்புக்கு அவசியம் என்று அரசு அமைப்பே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஒரு சிறிய ஏ.டி.ஆரில் எழுபது, எண்பது பேர். ஒரு எக்ஸ்பிரஸ் ரயிலில் ஆயிரம் பேருக்கு மேல். இப்படிப் பார்த்தால், லோகோ பைலட்கள் கேட்கும் 46 மணி நேரம் அதிகமா?

தேர்வு எழுதப் போகிறீர்களா?

உங்கள் வீட்டில் யாராவது ஏ.எல்.பி தேர்வுக்குத் தயாராகிறார்கள் என்றால் தாராளமாக ஊக்கப்படுத்துங்கள். நிரந்தர வேலை, நல்ல சம்பளம், திறமைக்கு மதிப்பு. கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்டும் முன்பு கண் பரிசோதனை செய்துகொள்வது புத்திசாலித்தனம். இது ஒன்பது டு ஐந்து வேலை இல்லை என்பதையும் வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். தீபாவளி, பொங்கல் எல்லாம் ரன்னிங் ரூமில் கழியலாம். பகலில் தூங்க வேண்டிவரும். அந்த நேரத்தில் வீட்டில் டி.வி சத்தத்தைக் குறைப்பதும், வீட்டு வேலை சொல்லி எழுப்பாமல் இருப்பதும்கூட ரயில் பாதுகாப்பில் ஒரு பங்குதான்.

எட்டாவது ஊதியக் குழு அமைக்கப்பட்டிருக்கிறது. அடிப்படைச் சம்பளம் இனி கூடும். ஓய்வு விதி தனியாக மாற வேண்டியது. அதற்கு ஊழியர்களின் குரல் மட்டும் போதாது, பயணிகளும் கேட்க வேண்டும். ஏனென்றால், அவர்கள் கேட்கும் தூக்கம் நம்முடைய பாதுகாப்பு.

அடுத்த முறை செங்கோட்டையில் ரயில் ஏறினால், வண்டி கிளம்பும் முன் பிளாட்பாரத்தில் முன்பக்கம் வரை ஒரு நடை போய்ப் பாருங்கள். எஞ்சின் ஜன்னலில் இரண்டு முகங்கள் தெரியும். ஒரு கையசைப்பு, ஒரு சிரிப்பு. அதன்பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து மலையை ரசியுங்கள்.